அணையாத மஞ்சள் விளக்கு

9

"சாவியைத் திருப்பு" என்றார் மேடம்.

திருப்பினேன். டேஷ்போர்டில் இருந்த அத்தனை விளக்குகளும் ஒன்றாக எரிந்து, பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மட்டும் நான் போகமாட்டேன் என்று நின்றுவிட்டது. மஞ்சள் வட்டத்துக்குள் ஏபிஎஸ் என்று மூன்று எழுத்து.

காருக்கு வெளியே நின்றிருந்த நூலகர் அதைப் பார்த்ததும் கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஊர் நூலகத்தில் வேலை. சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கிற ரகம். அப்படிப்பட்டவர்தான் அன்று காலை பஸ்ஸில் மலையிறங்கி எங்கள் துப்பறியும் ஆபீசுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமலேயே, தன் கொழுந்தன் தன்னைக் கொல்லப் பார்ப்பதாகச் சொன்னார்.

நான் மேடத்தின் அசிஸ்டென்ட். மேடம் என்னைக் கூப்பிடுவது ஓட்டவாய் என்று. பயம் வந்தால் எனக்குப் பேச்சு அதிகமாகும். அன்று காலையிலிருந்து நான் வாயை மூடவே இல்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நூலகரின் வீடு மலைமேல். கணவருக்குக் கீழே சமவெளியில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். அன்று அவர்களுடைய கல்யாண நாள். சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு கீழே வா, சேர்ந்து சாப்பிடலாம் என்று கணவர் கூப்பிட்டிருந்தார். பஸ்ஸில் வருகிறேன் என்று இவர் சொன்னதற்கு, வேண்டாம், உனக்குத்தான் கார் ஓட்டப் பிடிக்குமே, ஆசையாக ஓட்டிக்கொண்டு வா என்றாராம். கீழே போவதற்கு ஒரே சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வரும்போது அந்தப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் முன்பு, விடியற்காலையில் யாரோ வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால் கொழுந்தன். நூலகர் திறக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். தட்டல் நின்றதும் மறுபடி பார்த்தால், அந்த ஆள் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் கிடக்கிறான். பிறகு எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து இந்த மஞ்சள் விளக்கு.

"மெக்கானிக்கிட்ட காட்ட வேண்டியதுதானேன்னு கேக்காதீங்க" என்றார் நூலகர். "இந்த ஊருக்கு இருக்கறது ஒரே ஒரு மெக்கானிக். அது அவன்தான்."

 வெளியூரிலிருந்து ஆள் வரவழைக்க நூலகரிடம் வசதியில்லை. சம்பளம் முழுக்கக் கணவர் கையில். ஆகவே வீட்டு வாசலில், எங்கள் டிக்கியில் கிடந்த ஓட்டை உடைசல் சாமான்களை வைத்து, மதியம் சாய்வதற்குள் நாங்களே கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் அவர் அந்தக் காரிலேயே மலையிறங்கிவிடுவார். கணவர் காத்திருப்பாரே என்று அவருக்குக் கவலை.

மேடம் துப்பறியும் தொழிலுக்கு வருமுன் இன்ஷூரன்ஸ் சர்வேயர். நொறுங்கின கார்களைப் பார்த்து ஏன் நொறுங்கியது என்று சொல்வதுதான் வேலை. அதனால் நொறுங்காத காரைப் பார்த்தாலும் அவருக்குச் சந்தேகம்தான்.

முதலில் என் ஸ்கேனரை மாட்டினேன். பழைய சாமான் கடையில் நான் பேரம் பேசி வாங்கிய பெருமைக்குரிய கருவி. அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னது.

"எஞ்சினைப் பத்தி யாருப்பா கேட்டா" என்றார் மேடம். "மலிவா வாங்கினா எஞ்சினை மட்டும்தான் படிக்கும். பிரேக் பக்கம் அதுக்கு எழுத்தே தெரியாது. எடுத்து உள்ள வை."

எடுத்து உள்ளே வைத்தேன். என் பெருமையையும் சேர்த்து.

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். மேல் கோடு வரைக்கும் நிறைவாக இருந்தது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, ஏபிஎஸ்ஸுக்கான ஃபியூஸை உருவி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். உள்ளே கம்பி முழுசாக இருந்தது. அதைத் திரும்பச் செருகினார்.

நூலகர், இந்த விளக்கு எரிந்தால் பிரேக் இல்லை என்று அர்த்தமா என்று கேட்டார்.

"பிரேக் இருக்கு. சடார்னு அமுக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற ஏற்பாடு மட்டும்தான் தூங்குது. பிரேக்குக்கே ஆபத்துன்னா சிவப்பு விளக்கும் சேர்ந்து எரியும்."

நூலகரின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. "என் வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டார் மேடம். போன்ல சொன்னதும், சிவப்பு எரியுதா, சிவப்பு எரியுதான்னு ரெண்டு தடவை கேட்டார். இல்லைன்னதும்தான் அவருக்கு மூச்சே வந்தது. அப்ப ஒண்ணுமில்லை, தைரியமா எடுத்துட்டு வான்னார். பாவம், டயருக்கு எங்க காத்து அடிக்கறதுன்னுகூட அவருக்குத் தெரியாது."

மேடம் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

கூடத்தில் உட்கார்ந்தோம். நான் சும்மா இருக்கமுடியாமல் மேஜை விளக்கின் வயரை நோண்டிக்கொண்டிருந்தேன். வயரில் ஓரிடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனியைக் கொஞ்சம் உள்பக்கமாக மடித்து விட்டிருந்தார்கள், பின்னாடி உரிக்க வேண்டுமென்றால் நகத்துக்குப் பிடி கிடைக்கிற மாதிரி. நல்ல யோசனை என்றேன். அதெல்லாம் கொழுந்தன் சுற்றியது என்று நூலகர் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். ஒரு காலத்தில் வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் அவன்தான். ஒரு தடவை கண்ணாடி கழுவும் தண்ணீர் தீர்ந்து ஏதோ விளக்கு எரிந்ததற்கே இவர் பதறியடித்துக் காரை அவன் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். அண்ணி விளக்கைப் பார்த்தால் வீட்டுக்குள்ளேயே இருக்கமாட்டார் என்று அவன் கேலி செய்வானாம்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

வீடு நூலகரின் பெயரில். அவருடைய அப்பா கொடுத்தது. தம்பியின் கடையைப் பெரிசு பண்ண வேண்டும், வீட்டை விற்கலாம் என்று கணவர் கேட்டிருக்கிறார். இவர் கையெழுத்துப் போடவில்லை. ஒருநாள் அண்ணனும் தம்பியும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தியிருக்கிறார்கள். வெளியே வந்த கணவர், என் தம்பி உன்மேல் கொலைவெறியில் இருக்கிறான், இனி அவனிடம் பேசாதே என்று சொல்லி, இவருடைய போன் நம்பரையே மாற்றிக் கொடுத்துவிட்டார்.

"அதுக்கப்புறம் வீட்டை விக்கறதைப் பத்தி உங்க வீட்டுக்காரர் பேசினாரா?"

"பேசவே இல்லை மேடம். ரொம்ப அன்பா இருக்கார். போன ஞாயித்துக்கிழமை காரைக்கூட அவரே கழுவிக் கொடுத்துட்டுத்தான் போனார்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வாசல் பக்கம் ஒரு பைக். வேகமாகப் போகவில்லை. ஊர்ந்து வந்து, கேட்டுக்கு நேராக வந்ததும் இன்னும் மெதுவாகி, பிறகு போயிற்று. நூலகர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அது அவன் பைக்தான், இரண்டு நாளாக இப்படித்தான் சுற்றுகிறான் என்றார்.  ஸ்பேனரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அதை வெச்சு என்ன பண்ணப்போறே?" என்றார் மேடம்.

"தைரியத்துக்கு மேடம்."

"கழட்டவேண்டிய நட்டு நிறைய இருக்கு. வா."

வெளியே வந்ததும் கேட்டைத் தாழ்போடச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். விளக்கு எப்போது எரிகிறது, கார் கொஞ்சம் ஓடிய பிறகா, இல்லை சாவி போட்டதுமேவா? சாவி போட்டதுமே என்றார் நூலகர்.

"ஓடின பிறகு எரிஞ்சா அழுக்கு, தேய்மானம்னு ஆயிரம் சொல்லலாம். நிக்கும்போதே எரியுதுன்னா எங்கயோ வயர் விட்டிருக்கு. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாடியும் ஒரு சென்சார், அதுக்கு ஒரு வயர். ஜாக்கிகூட வேண்டாம். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா முன்சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கறது தெரியும்."

ஒடித்தேன். மேடம் கைக்கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். வலது சக்கரத்தைப் பார்த்தார். இடது பக்கம் வந்தார். அங்கே ரொம்ப நேரம் இருந்தார். எழுந்து பின்சக்கரங்களையும் பார்த்துவிட்டு, மறுபடி இடது முன்சக்கரத்துக்கே வந்தார். 

"ஓட்டவாய், இங்க வந்து பாரு."

படுத்துப் பார்த்தேன். சென்சார் வயரின் கனெக்டர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அறுந்திருக்கவில்லை, யாரோ பக்குவமாகக் கிளிப்பை அமுக்கிக் கழற்றியிருந்தார்கள். கழற்றிய முனையில் தண்ணீர் போகாமல் பிளாஸ்டிக் காகிதத்தைச் சுற்றி, மேலே கறுப்பு டேப். டேப்பின் நுனி உள்பக்கமாக மடித்திருந்தது.

நூலகருக்கும் காட்டினோம். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவன்தான்" என்றார். "நான் சொன்னேனே, அவன்தான்."

எனக்கும் அதில் சந்தேகமில்லை. கேஸ் முடிந்தது, போலீசுக்குப் போன் போடலாம் என்று மொபைலை எடுத்தேன். மேடம் என் கையைப் பிடித்தார்.

"கொல்ல வந்தவன் எதுக்குடா மழைத்தண்ணி படாம சுத்திட்டுப் போறான்?"

மொபைலைப் பைக்குள் போட்டேன். 

"அவன் மெக்கானிக். பிரேக்கைக் கெடுக்கணும்னா விளக்கு எரியாம கெடுக்கத் தெரியாதா அவனுக்கு? இவங்க எப்படிப்பட்டவங்க? ஒரு விளக்கு எரிஞ்சா நேரா அவன் கடையில வண்டியை நிறுத்தறவங்க. அது ஊருக்குத் தெரியுதோ இல்லையோ, அவனுக்குத் தெரியும். கொல்ல நினைக்கறவன் விளக்கை அணைப்பான். இவன் ஏத்திட்டுப் போயிருக்கான்."

கேட்டுக்கு வெளியே மறுபடி அந்த பைக். ஊர்ந்து வந்தது. ஊர்ந்து போயிற்று. நான் ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேடம் சொல்வது எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். கொலைகாரன் யார் என்று தெரிந்திருந்தபோது இருந்த பயம் பரவாயில்லை போலிருந்தது.

"நாலு சக்கரத்தையும் பாத்தேன்" என்றார் மேடம். "மூணு சக்கரத்துக்குப் பின்னாடி காய்ஞ்ச சேறு அப்பிக் கிடக்கு. இந்த ஒண்ணு மட்டும் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. உங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை கார் கழுவினார்னு சொன்னீங்களே, அது என்ன கழுவல்?"

 நூலகரின் கண்கள் மேடத்தின் முகத்தை விட்டு நகரவில்லை.

மேடம் என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தார். சென்சார் வயருக்குப் பக்கத்திலேயே பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் ஓடுகிறது. அதன் வெளிப்பக்கம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, உள்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கப்போகிறேன் என்றார்.

"எஞ்சினைப் போடு. மெதுவா பிரேக்கை அமுக்கு."

அமுக்கினேன். பெடல் கல் மாதிரி நின்றது. நல்ல பிரேக். எனக்கு நம்பிக்கை வந்தது.

"இன்னும் கொஞ்சம்."

அமுக்கினேன். கீழேயிருந்து மேடம், வீங்குது என்றார். அமைதியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. தன் முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு, நூலகரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இறக்கத்தில் வளைவு வரும்போது எப்படி அமுக்குவாயோ அப்படி அமுக்கு என்றார்.

அமுக்கினேன். கால் சட்டென்று கீழே போயிற்று. படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாவிட்டால் உடம்பு முழுக்க ஒன்று ஓடுமே, அது ஓடியது. சக்கரத்தின் பக்கம் சீறுகிற சத்தம். பெடல் தரைக்குக் கொஞ்சம் மேலே போய்த்தான் நின்றது. டேஷ்போர்டில் மஞ்சளுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

நான் எஞ்சினை அணைத்து, சிவப்பு போகுமா என்று சாவியை மறுபடி பாதி திருப்பிப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். இறங்கினேன் என்ன, விழுந்தேன். வாசலில் பிரேக் ஆயில் பரவிக்கொண்டிருந்தது. மேடம் ஹோஸை வளைத்துக் காட்டினார். உள்பக்கமாக, யார் கண்ணிலும் படாத இடத்தில், பிளேடால் நேர்க்கோடாகக் கீறியிருந்தது. பாதி ஆழம்தான். சமதரையில் ஓட்டினால் தாங்கும். மலை இறக்கத்தில் திரும்பத் திரும்ப அமுக்கும்போது தாங்காது.

"மிச்சம் பாதி பிரேக் வேலை செய்யும்" என்றார் மேடம். "அந்த ரோட்டுக்கு அது போதாது."

நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை. அந்தச் சாலையில் வளைவுகள் எப்படி இருக்கின்றன என்று காலையில்தான் பார்த்திருந்தேன், அல்லது பார்க்காமல் இருந்திருந்தேன்.

நூலகர் அழவில்லை. கொழுந்தனுக்கு இது தெரியும் என்றால் ஏன் மாற்றவில்லை, ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று மெல்லிய குரலில் கேட்டார்.

"ஹோஸ் மாத்தினா ஆயில்ல இருக்கற காத்தை வெளியே எடுக்கணும். அதுக்கு ஒரு ஆள் உள்ள உக்காந்து பெடலை அமுக்கணும். சாவி உங்ககிட்ட. சொல்லலாம்னா நம்பர் மாத்தியாச்சு. கதவைத் தட்டினான், நீங்க திறக்கலை. நாலு பேருக்கு முன்னாடி சொல்லவும் அவனுக்கு மனசு வந்திருக்காது. கூடப்பிறந்தவனாச்சே. வண்டி கடைக்கு வந்தா, எந்தச் சக்கரத்துல வயர் விட்டிருக்குன்னு அவன் மெஷின் சொல்லும். அந்தச் சக்கரத்தைக் கழட்டினா இந்த ஹோஸ் தானா உங்க கண்ணுல படும். யாரையும் காட்டிக்கொடுக்காம உங்களைக் காப்பாத்த அவனுக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான்."

"நான் அவனுக்குப் பயந்து கடைப்பக்கமே போகலையே."

"உங்களை அப்படிப் பயமுறுத்தி வெச்சது யாரு?"

 மேடம் விடவில்லை. டயருக்கு எங்கே காற்று அடிப்பது என்று தெரியாத ஒரு மனுஷனுக்கு, சிவப்பு விளக்கைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று கேட்டார். பெண்டாட்டி மஞ்சள் விளக்கு என்று சொல்லும்போது, சிவப்பு எரிகிறதா என்று ஒருவர் இரண்டு தடவை கேட்கிறார் என்றால், அவருக்கு எதில் கண் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே நூலகரின் தோளில் கையை வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து நூலகரின் போன் அடித்தது. திரையில் 'என்னவர்' என்று வந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எடுக்காதீர்கள் என்று நான் சைகை செய்தேன். எடுங்கள் என்று மேடம் தலையசைத்தார். என் மொபைலில் ரெக்கார்டிங்கைப் போடச் சொல்லிக் கண்ணால் காட்டினார். நூலகர் ஸ்பீக்கரில் போட்டார்.  அவர் குரல் நடுங்கவில்லை. நூலகத்தில் வருஷக்கணக்காக அடக்கிப் பேசிய குரல், அதற்கு அன்றைக்கு வேலை வந்தது.

"கிளம்பிட்டியாம்மா?"

"கிளம்பிட்டேங்க. இறக்கத்துக்கு முன்னாடி, டீக்கடை ஓரமா நிறுத்தியிருக்கேன்."

"ஏன் நிறுத்தினே?"

நூலகர் திறந்திருந்த கார் கதவு வழியாக டேஷ்போர்டைப் பார்த்தார். சாவி அதிலேயே இருந்தது. இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

"இப்ப சிவப்பும் எரியுதுங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கணவர் வராதே என்று சொல்ல வேண்டும், திரும்பிப் போ என்று சொல்ல வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். மேடம் சொன்னது தப்பாகிப் போகட்டும், என் சம்பளம் போனாலும் போகட்டும் என்று நினைத்தேன். நூலகரும் அதைத்தான் வேண்டியிருப்பார், உதடு அசைந்தது.

"அதைக் கண்டுக்காதே" என்றார் கணவர். "நீ பாட்டுக்கு வா. நான் டேபிள் சொல்லி வெச்சிருக்கேன்."

நூலகர் சரிங்க என்று சொல்லி போனை வைத்தார். மெல்ல நடந்து போய்ச் சாவியைத் திருப்பி விளக்குகளை அணைத்தார். மேடம் என் மொபைலை வாங்கி, தனக்குத் தெரிந்த போலீஸ் அதிகாரிக்கு ரெக்கார்டிங்கை அனுப்பினார்.  

பைக் சத்தம் மூன்றாவது முறையாக வந்தது. இந்தத் தடவை போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றது. எஞ்சின் அணைந்தது. யாரோ கேட்டை மெதுவாகத் தட்டினார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் என் கை தானாக ஸ்பேனரைத் தேடியது. நூலகர் மேடத்தைப் பார்த்தார்.

"நீங்களே திறங்க" என்றார் மேடம்.

தாழ்ப்பாளை நீக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெளியே கறைபடிந்த சட்டையோடு ஒல்லியாக ஒருவன் நின்றிருந்தான். கண்ணெல்லாம் சிவந்து, தூங்கி நாளான முகம். வாசலில் பரவியிருந்த ஆயிலைப் பார்த்தான். கார் அங்கேயே நிற்பதைப் பார்த்தான். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"என் கடைக்காக உங்க வீட்டை விக்காதேன்னுதான் அன்னைக்கு அண்ணன்கூட சண்டை போட்டேன். ஞாயித்துக்கிழமை அண்ணன் கடைக்கு வந்து, பிரேக் ஹோஸ் எதுன்னு கேட்டான் அண்ணி. சும்மா தெரிஞ்சுக்கன்னான். எனக்கு மறுநாள் ராத்திரிதான் பொறி தட்டிச்சு" என்றான். அவன் கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது ஹோஸ் ஒன்று இருந்தது. "வண்டி வரும் வரும்னு இதைக் கடையிலயே எடுத்து வெச்சிருந்தேன்."

நூலகர் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"உள்ள வாப்பா" என்றார்.